ஒரு சைஸ் பெரிசு

"இதைப் பின்னாடி மாட்டினா வண்டி கம்பீரமா நிக்கும், இல்லையா தம்பி?"

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தடித்த டயரின் மேல் கை வைத்துக் கேட்டார் வந்தவர். அறுபதை எட்டிய வயது. மடிப்புக் கலையாத சட்டை, தலை முழுக்க நரை.

டயர்க் கடைக்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பெரிய பைக் வாங்கி, ஊர் ஊராகச் சுற்றக் கிளம்புகிற ஆசாமிகளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நிக்கும்போது கம்பீரம்தான் சார். ஓடும்போதுதான் வம்பு. என்ன வண்டி?"

வந்தவர் வண்டியின் பெயரைச் சொன்னார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி.

"ஐயையோ, அதுக்கு இது வேண்டவே வேண்டாம்."

மூலையில் ஒரு ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தான். கடைக்காரர் மனைவியின் தம்பி. காலையிலிருந்து பஞ்சர் ஒட்டியதைத் தவிர வேறு வியாபாரம் இல்லை என்கிற எரிச்சல் அவனுக்கு.

"மாமா, அவர் ஆசைப்பட்டுக் கேக்கறார். எடுத்துக் கொடுங்களேன்."

"நீ சும்மா இருடா." கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். விஷயத்தச் சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

வந்தவர் உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் இருப்பது போல இருந்தார்.

"கம்பெனி டயருக்கும் இதுக்கும் ஒரு சைஸ்தானே வித்தியாசம்னு தோணும். அகலத்த விடுங்க, இந்த டயரோட பக்கச் சுவரப் பாருங்க, ஒசரம் ஜாஸ்தி. மாட்டினா மேல மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல விரல் நுழையாது. தெருவுல ஓட்டற வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

"பாரம் ஏத்தினா?"

"கரெக்டாப் பிடிச்சீங்க! அங்கதான் இருக்கு சங்கதி."

"ரெண்டு பக்கமும் பெட்டி. அதுக்கு மேல, சுருட்டிக் கட்டின டென்ட்டு."

"ஆளோட கனம் வேற. வண்டி அமுங்கும். ஒவ்வொரு பள்ளத்துலயும் டயர் மேல போய் உரசும். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறவனுக்கு அந்தச் சத்தம் எங்க கேக்கப் போகுது?"

"மலை ரோடா இருந்தா?" வந்தவர் சிமென்ட் தரையைப் பார்த்தபடி கேட்டார். "இறக்கம். இடது பக்கம் ஒரு வளைவு. வளைவுல ஒரு பள்ளம்."

கடைக்காரருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இப்படித் துருவித் துருவிக் கேட்கிற வாடிக்கையாளர் எங்கே கிடைக்கிறார்? கழற்றி வைத்திருந்த ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, அதைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்.

"இப்படிச் சாஞ்சு வரும்போது மட்கார்டு உடைஞ்சு உள்ள சுத்திக்கிச்சுன்னு வைங்க. சக்கரம் ஒரு நொடி பிடிச்சுக்கிட்டாப் போதும் சார். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்."

கையை விட்டார். சக்கரம் தரையில் பொத்தென்று விழுந்து, அதிர்ந்து அடங்கியது. வந்தவர் அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வேண்டாமென்று தலையசைத்தார்.

"ஆள் பிழைக்கறது?"

"கஷ்டம்தான். பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்பவுமே தெரியுமா தம்பி?"

"மீசை முளைச்ச நாள்லேர்ந்து இதே தொழில் சார். தெரியாம இருக்குமா?"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாருக்குமா மாமா இப்படிப் பாடம் எடுக்கறீங்க? கேட்டதை மாட்டித்தானே அனுப்பறீங்க!"

"அது சின்னப் பசங்கடா." கடைக்காரர் கையை உதறினார். "அவங்களுக்கு வண்டி ஃபோட்டோவுல எடுப்பா இருக்கணும், அவ்வளவுதான். அவங்ககிட்ட எவன் தொண்டைத் தண்ணி வத்தப் பேசறது? சொன்னாக் கேக்கற வயசா அது? சார் மாதிரி விவரமானவங்ககிட்ட சொன்னா அர்த்தம் உண்டு." வந்தவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வண்டியக் கொண்டு வாங்க சார். கம்பெனி சைஸே போட்டுத் தரேன்."

வந்தவர் எழுந்தார். அந்தத் தடித்த டயரின் மேல் மறுபடி கை வைத்தார்.

"கொண்டு வர முடியாது. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கிடக்கு. முன்பக்கம் உருவமே இல்ல. பின்னாடி மட்டும் இதே டயர், புத்தம் புதுசா. இங்கதான் மாட்டினான்னு கூடப் போன பையன் சொன்னான்."

மச்சான் காற்றுக் குழாயை அப்படியே கீழே போட்டான்.

கடைக்காரர் டயரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டு போனது எந்தப் பையன்? இதே டயரைக் கேட்டு வந்த முகங்களை நினைவில் தேடினார். ஒரு முகமும் தனியாக வரவில்லை. எல்லாருமே சிரித்துக்கொண்டு, அவசரமாகக் கிளம்பினவர்கள்தான்.

"சார்... அந்த வயசுப் பசங்க... நாம சொன்னா..."

வந்தவர் குரலை உயர்த்தவில்லை.

"என் பையன் சொன்னாக் கேக்கறவன் தம்பி."