காவலர் பதவி

இணையக் கலைக்களஞ்சியத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த தபால்காரருக்கு, மேற்பார்வையாளர் அம்மா முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்.

"புதுசா எழுதறதெல்லாம் அப்புறம். யாராவது விஷமி பக்கத்தைக் கெடுத்தா உடனே சரிபண்ணுங்க. அதைப் பார்த்துத்தான் காவலர் பதவி தருவோம்."

தபால்காரருக்கு அந்தப் பதவிமேல் பித்துப் பிடித்தது. அடுத்தவர் எழுதியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் காலமெல்லாம் சுமந்தவர் அவர். இனி, எழுதியதை அழிக்கவே அதிகாரம்!

அவருடைய நல்ல நேரம், மறுநாளே ஒரு விஷமியின் கைவரிசை தொடங்கியது. ஒட்டகச்சிவிங்கி முட்டையிடும் என்று ஒரு வரி முளைத்தது. கண்மூடித் திறப்பதற்குள் அழித்தார். திமிங்கலத்துக்கு முழங்கால் வலி வந்தது. அதையும் குணப்படுத்தினார்.

"உங்களுக்கு உடம்பெல்லாம் கண்ணா?" என்று தொலைபேசியில் அசந்துபோனார் மேற்பார்வையாளர். "பதவி உங்களுக்குத்தான். ஒரே ஒரு வேலை பாக்கி. அந்த விஷமியை நிரந்தரமாத் தடை பண்ணிடுங்க."

தபால்காரர் தொலைபேசியை வைத்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பில் பால் பொங்கி வழிய, மனைவி கைபேசியில் மும்முரமாக இருந்தாள்.

"போதும்மா, நிறுத்திக்க. உன்னைத் தடை பண்ணச் சொல்றாங்க."

"நல்லா இருக்கே நியாயம்! பக்கத்தைக் கெடுத்துக் கொடுன்னு கெஞ்சினது யாரு? இப்பத்தான் எனக்கு ருசி பிடிச்சிருக்கு. தடை பண்ணினா அந்தம்மாவுக்கு எல்லாத்தையும் எழுதிடுவேன்."

"ஐயோ, மானம் போயிடும்!"

"அப்போ இங்க நின்னு புலம்பாதீங்க. யானைக்கு இப்பத்தான் சிறகு வச்சேன். ஓடிப்போய்ப் பிடுங்குங்க!"