விரிப்பில் விழுந்த அடிகள்

ஜெர்மனியில் முகிலன் மைதானத்தில் வைக்கும் ஒவ்வொரு அடியும், நியூஜெர்சியில் அவன் பெற்றோர் வீட்டுக் கூடத்து விரிப்பில் அதிரும். பதினேழு வயதில் பெரிய கால்பந்து கிளப்பில் சேர்ந்தவனுக்கு இன்று சோதனை ஆட்டம். கோல் போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

அம்மா கோமதி விரிப்பில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அப்பா சேதுராமன் அதன்மேலேயே நின்றிருந்தார். அடிகள் வேகமெடுக்க, அவர் கத்தினார்.

"பந்து கிடைச்சாத்தான் இப்படிப் பறப்பான். விடாதடா!"

அடிகள் சட்டென்று நின்றன.

"போச்சு! பந்தை விட்டுட்டு நிக்கிறான், மடையன்!"

பிறகு மெதுவான அடிகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆள் கனம்.

"என்னங்க... அடிபட்ட யாரையோ தூக்கிட்டு நடக்கிறான்."

சேதுராமன் பதறி விரிப்பைவிட்டு விலகினார். குனிந்து, மகனின் அடியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.