செத்தவனின் சட்டை

மூன்று மாதக் காவலுக்கென்று ஊர் ஊராகச் சேர்த்த தொண்டர் படை அது. பாலத்தைக் காத்தால் போதும், சண்டை உங்களுக்கில்லை என்று சொல்லித்தான் மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். சண்டை பாலத்துக்கே வந்தது. தவணை முடிவதற்கு முதல் நாள், கடற்தொழிலாளி யேசுராசா நெஞ்சில் குண்டு பட்டு, கட்டட மேசன் அருளம்பலத்தின் மடியில் செத்துப்போனான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று காலையில்தான் சொல்லிச் சிரித்திருந்தான்.

மறுநாள் அவனைப் புதைக்க வெட்டிய கிடங்கில் இறக்கியபோது பொறுப்பதிகாரி வந்தார். சேர்க்கும்போது அவர்கள் கழுத்தில் மாலை போட்டவரும் அவர்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உடுப்புப் போதவில்லையாம்.

“தவணை முடிஞ்சுது. எல்லாரும் சீருடையைக் கழட்டித் தாங்கோ. அவன்ரையும்தான்.”

“செத்தவன்ரை சட்டையையோ, ஐயா?” அருளம்பலம் ஆத்திரத்தோடு கேட்டான்.

“ஒரு ஓட்டைதானே. தைச்சுப் போடலாம்.”

அருளம்பலம் தன் சட்டையைக் கழற்றினான். அதிகாரி கையை நீட்டினார். அவனோ அதை உதறி, குனிந்து, யேசுராசாவின் மேல் போர்த்தினான்.

“வேணுமெண்டா நீங்களே இறங்கி எடுங்கோ.”

பின்னால் நின்றவர்களும் கழற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் சட்டைகளைக் கிடங்கில் போட்டார்கள். கடைசியில் யேசுராசாவின் முகமும் மறைந்துபோயிற்று. வெற்றுடம்போடு நின்ற அத்தனை பேரும் அதிகாரியையே பார்த்தார்கள். அருளம்பலம் மண்வெட்டியை எடுத்தான். அதிகாரி கிடங்கின் விளிம்புவரை வந்தார்; இறங்கவில்லை.