பேர் மேடம்

"இருநூத்திப் பதினாலு பட்டனுக்குப் பேர் வைக்கணுமாம் சார். யாருக்காக? ஒரு மெஷினுக்காக. நான் இங்க வேலை பார்க்க வந்தேனா, பேர் வைக்க வந்தேனா?"

மேனேஜர் அறையில் டெவலப்பர் கொதித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் இணையப் பக்கம் அவர் பொறுப்பு. பழையதை எழுதியவரும் அவர்தான், வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டிய புதியதை எழுதியவரும் அவர்தான். நாளையிலிருந்து அவருக்கு லீவு. மகளுக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லி, பையெல்லாம் கட்டியாகிவிட்டது.

எதிரே டெஸ்டர் பெண் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திறந்து, ஆள் உட்கார்ந்து அழுத்துவது போலவே ஒவ்வொரு பட்டனாக அழுத்திச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராமை எழுதுவது அவள் வேலை.

"பட்டன்ல வெறும் படம்தான் சார் இருக்கு. எது எந்தப் பட்டன்னு ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தைத் திறக்கிறப்பல்லாம் உள்ள ஒரு புது நம்பர் வருது. வரிசையை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, நேத்து மூணாவதா இருந்தது இன்னைக்கு நாலாவதா போயிடுது. பல் டாக்டரைப் பார்க்க வேண்டிய ஸ்கிரிப்ட், பிரசவ டாக்டர்கிட்ட போய் நிக்குது."

மேனேஜர் சிரித்துவிட்டார். டெவலப்பர் சிரிக்கவில்லை.

"அது உங்க ஸ்கிரிப்ட்டோட கோளாறு. அதை ஏன் என் தலையில கட்டுறீங்க?"

"பேர் திரையில தெரிய வேண்டாம் சார். உள்ளுக்குள்ள இருந்தாப் போதும்."

"டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாம் பாஸ்னு பச்சையா இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க பக்கத்தை வாங்கிக்குவாங்க," என்றார் மேனேஜர். "மூணு நாள்ல முடிச்சுக் கொடுத்திடுங்க. லீவை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான், லீவு போச்சு. வீட்டில் மகள் பேசவே இல்லை. மனைவி அவளுக்கும் சேர்த்துப் பேசினாள்.

மறுநாள் கடுப்பில் ப-1, ப-2 என்று ப-214 வரை பேர் வைத்து அரை நாளில் அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது.

நேரிலேயே போய்க் கேட்டார். "ஏன் மேடம், மெஷினுக்கு ப-12ன்னா என்ன, பூசணிக்காய்னா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?"

"முழுசா வேணும் சார். 'எலும்பு டாக்டர், காலை பத்தரை மணி, பதிவு செய்.' இந்த மாதிரி."

"ஓஹோ. மெஷினுக்கு மரியாதை வேற குறையக் கூடாதோ?"

"நாளைக்கு வேற யாராவது வந்தாலும் புரியணும் இல்லையா சார்?"

'பேர் மேடம்' என்று அவளுக்கு அன்றைக்கே பேர் வைத்துவிட்டார். டீ குடிக்கும் இடத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினார். "தன் வேலை சுலபமாகணும்னு என் லீவுல மண்ணைப் போட்டாங்க. மெஷினுக்காக மனுஷனை வதைக்கிற காலம்பா இது. கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?"

ஆமாம் போட ஆளுக்குக் குறைவில்லை. அவள் டீ எடுக்க வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பதினான்கும் முடிந்தது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. மாலை நாலு மணிக்குப் பக்கம் வெளியானது. மேனேஜர் அவளைப் பாராட்டி எல்லோருக்கும் மெயில் போட்டார். அதில் டெவலப்பரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நேராக அவள் இடத்துக்குப் போனார்.

அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு கம்ப்யூட்டர் குரல் வாசித்தது.

"எலும்பு டாக்டர். காலை பத்தரை மணி. பதிவு செய். பட்டன்."

அவர் தட்டிய அதே வார்த்தைகள்.

பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது. "பாப்பா, பதிவாயிடுச்சு. நானே பண்ணிட்டேன், பக்கத்து வீட்டுல போய் நிக்கல. பழைய பக்கம் 'பட்டன், பட்டன், பட்டன்'னு மட்டும்தானே சொல்லிட்டிருந்துச்சு."

"எங்க அண்ணன் சார். கண் தெரியாது," என்றாள் ஃபோனை வைத்துவிட்டு. "திரையில இருக்கிறதைக் கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டும். பட்டனுக்குப் பேர் இருந்தாத்தான் வாசிக்க முடியும்."

டெவலப்பருக்குக் கோபம் முழுதாக இறங்கவில்லை.

"இதுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். நான் என்ன கல்லா? கண் தெரியாதவங்களுக்குன்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவள் பழைய மெயில் ஒன்றைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு வருடத்துக்கு முந்தையது. 'பார்வையற்றவர்களுக்காகப் பட்டன்களுக்குப் பெயர் வைக்க முடியுமா?' என்று கேட்டிருந்தாள். கீழே ஒரே வரியில் பதில்: 'அப்படி எத்தனை பேர் வரப்போகிறார்கள்? வீண் வேலை.'

பதிலுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் படத்தில் டெவலப்பர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மனுஷங்களுக்குன்னு கேட்டேன், கிடைக்கல சார்," என்றாள் அவள். "அதான் இந்தத் தடவை மெஷினுக்குன்னு கேட்டேன்."