வாயில் ரொட்டி இருக்கும்போது

"ஒரு ஊர்ல தினமும் பேங்க் திறந்ததும் ஒரு வாத்து உள்ள வந்து க்யூவுல நிக்குதாம். அதோட முறை வந்ததும் திரும்பிப் போயிடுதாம்" என்றாள் அண்ணி, வாய் நிறைய ரொட்டியுடன்.

உண்மை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள் நாத்தனார்.

லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை. மணி எட்டரை. பதினோரு மணிக்கு ஒரு மருந்துக் கம்பெனி ஆண்டு விழாவில் இவர்கள் இருவரும் மேடையேறி நானூறு பேரைச் சிரிக்க வைக்க வேண்டும். சொந்த அண்ணி, சொந்த நாத்தனார். மேடையிலும் அதேதான். ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்து வாருவதுதான் நிகழ்ச்சியே.

போகிற ஊரிலெல்லாம் காலையில் இந்த விளையாட்டு உண்டு. அண்ணி மூன்று விசித்திரச் செய்தி சொல்வாள். இரண்டு பேப்பரில் வந்தது, ஒன்று சொந்தச் சரக்கு. பொய் எது என்று நாத்தனார் கண்டுபிடித்துவிட்டால் உடுப்புப் பெட்டியை அண்ணி தூக்க வேண்டும்.

பதினோரு வருஷமாக, பெரும்பாலும் அண்ணிதான் தூக்குகிறாள்.

காரணம் ரொம்பச் சின்னது. வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. உண்மையை மென்றுகொண்டே சொல்வாள். பொய்யென்றால் முதலில் விழுங்கிவிடுவாள்.

இதை நாத்தனார் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று மாதத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே தோற்றுப்போவாள். அவ்வளவு கெட்டிக்காரி.

ஆனால் இன்றைக்கு அவளுக்கு வாத்தும் வேண்டாம், பேங்கும் வேண்டாம். அரை மணி முன்னால் அண்ணிக்கு வந்த போனில் என்ன சேதி என்று தெரிய வேண்டும்.

போன் செய்தது வக்கீல். அதுவரை தெரியும். அண்ணி தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, கை கழுவி, தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. மேடைக்காரி முகத்தில் எதைத் தேடுவது?

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. விவாகரத்து வழக்கு. நேற்றுத் தீர்ப்பு நாள்.

தீர்ப்பு வந்திருந்தால் இவள் இனி அண்ணியில்லை, அவள் நாத்தனாரில்லை. விட்டுப்போனவனின் தங்கையை எந்தப் பெண் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவாள்? நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே. அண்ணனைக்கூட நாத்தனார் அழுது மறந்துவிட்டாள். அண்ணியை விட்டால் அவளுக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

அடுத்த செய்தி வந்தது. ஒரு ஆள் இருபது வருஷமாக வெள்ளைச் சாப்பாடு தவிர வேறெதையும் தொடுவதில்லையாம். சொல்லும்போதே அண்ணி கைப்பையிலிருந்து மிளகுப்பொடி டப்பாவை எடுத்து வாழைப்பழத்தின்மேல் தூவிக் கடித்தாள். வாழைப்பழத்துக்கு மிளகு போடுகிறவள் ஊரான் சாப்பாட்டைச் சொல்ல வந்துவிட்டாள்!

"முட்டையில மஞ்சக்கரு இருக்குமே, அதை என்ன பண்ணுவானாம்?"

"பொண்டாட்டிக்குக் குடுத்துடுவானாம். அதுக்குத்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டானாம்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன சிரிப்பு, நேரம் காலம் தெரியாமல் வந்து தொலைக்கிறது.

ஆக இரண்டும் உண்மை. மிச்சமிருப்பதுதான் பொய். அதைக் கேட்கவே வேண்டியதில்லை. அவள் தேநீரை ஆற்றத் தொடங்கினாள்.

அண்ணி வாயிலிருந்ததை விழுங்கினாள். ஒரு தம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணுக்கு நேத்து விவாகரத்து ஆயிடுச்சாம். இனி அந்த வீட்டு ஆளுங்க சகவாசமே வேண்டாம்னு நாத்தனாரைக் கழட்டிவிட்டுட்டுத் தனியா மேடை ஏறப்போறாளாம்."

தேநீர் மேஜைமேல் கொட்டியது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

நாத்தனார் அண்ணியின் வாயையே பார்த்தாள். ஒரு துணுக்குகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் காலியாக இருந்தது. அப்படியானால் பொய்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எது? விவாகரத்தா? தனியாகப் போவதா? பதினோரு வருஷத்தில் அண்ணி ஒரே செய்தியில் இரண்டு விஷயத்தைக் கோத்துச் சொன்னதே கிடையாது. என்ன பெண் இவள்! இதைக்கூடவா விளையாட்டில் வைத்துச் சொல்வாள்?

"இதுதான் பொய்" என்றாள். "ஆனா எந்தப் பாதி பொய், அண்ணி?"

அண்ணி தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை நாலாக மடித்து மொத்தமாக வாய்க்குள் திணித்தாள். இரண்டு கன்னமும் உப்பின. கண்ணில் தண்ணீர் வந்தது, ரொட்டியாலா என்று தெரியவில்லை. முகத்தை மேஜைக்கு மேலே நன்றாக நீட்டி, உப்பிய கன்னத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

"ரெண்டாவது பாதிடீ. நல்லாப் பாத்துக்கோ, மென்னுக்கிட்டேதான் சொல்றேன்."