ஒரு சாண் இடைவெளி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, கமலவேணி காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு பலகை வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தாள். அவள் கணவன் நல்லையாவுக்கு ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் அவன் கண்ணயர்ந்ததும் தலைக்கு மேலே யாரோ நடப்பார்கள். தூக்கம் கெட்டுப்போனவன் ஒருநாள் இயந்திரத்தில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தான். கமலவேணி நேரே மாடிக்குப் போனாள்.

“வேணும்னேதானே நடக்கிறீங்க?”

மாடியில் குடியிருந்த மெய்யம்மை முறைத்தாள். “நல்லா இருக்கே! கீழேருந்து உங்க நடைச் சத்தந்தான் எனக்குக் கேக்குது.”

ஒருத்தியை ஒருத்தி நம்பவில்லை. இருந்தாலும் தச்சரை வரவழைத்து, மாடித் தரைப்பலகைக்கும் கீழ்வீட்டு உட்கூரைக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில் தேங்காய் நாரை நிரப்பினார்கள்.

ஒரு வாரம் நிம்மதி. பிறகு ஒரு மத்தியானம் சத்தம் மறுபடி வந்தது, மெத்தைமேல் நடப்பதுபோல. சண்டைக்கு ஏறிய கமலவேணியும் சண்டைக்கு இறங்கிய மெய்யம்மையும் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டார்கள்.

“அக்கா, இன்னும் கேக்குது,” என்றாள் மெய்யம்மை.

தச்சர் வந்து தரைப்பலகைகளைப் பெயர்த்தார். நாரின் நடுவே, புல்லில் ஆள் நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைபோல ஒரு தடம் நீளமாகக் கிடந்தது. அதன் கோடியில், காலடி அளவுக்கு அமுங்கியிருந்த நார் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.