பாதி அளவு

எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைத் திரும்பப் பயன்படுத்தி, கழிவின் ஆயுளைக் குறைக்கப் பார்க்கும் கூடம் அது, மலேசியாவில் காஜாங்குக்கு அப்பால். அங்கே எரிபொருள் உருளைகளைத் தள்ளியவர்கள் சங்கிலியும் ஜோசப்பும். தைப்பூசத்துக்கு மறுநாள் ஜோசப் செத்துப்போனார். அதற்குப் பிறகு சங்கிலி தனியாகத் தள்ளினார், தனியாகவே சாப்பிட்டார்.

மாதக் கடைசியில், உடம்பில் ஏறிய கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் பேட்ஜுகளின் கணக்கு வந்தது. கணக்கெழுதும் கிராணி ஐயாதுரை தலையைச் சொறிந்தார்.

“என்னண்ணே, ரெண்டாள் வேலைய ஒத்தையா செய்றீங்க, அளவு டபுள் ஆகணும்லா. பழையபடி உங்க பாதிதான் வந்திருக்கு.”

“மீதி?”

“ஜோசப் பேட்ஜ்ல. என் மேசை லாச்சியில பூட்டிக் கிடந்தத மறந்துபோய் சேர்த்து அனுப்பிட்டேன். அவர் பேட்ஜ கேன்சல் பண்ணிடவா?”

சங்கிலி கையை நீட்டித் தடுத்தார். “வேணாங்க ஐயா. நான் நெசமாவே தனியாயிடுவேன்.”

கிராணி லாச்சியைத் திறந்து, ஜோசப்புக்கு வந்திருந்த, யாரும் இன்னும் குத்தாத இந்த மாதத்துப் பேட்ஜை எடுத்தார். ஊக்கில் வியர்வை இன்னும் காயவில்லை.